விமானம் நின்றால் வேலையும் சம்பளமும் என்ன ஆகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, பெங்களூருவைத் தளமாகக் கொண்டு சிறு நகரங்களுக்கு விமானம் இயக்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதியவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் எழுதியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். பலர் ஒரே செய்தியைக் கேட்டிருப்பதால் சில கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. போன வாரத்திலிருந்து ஹெச்.ஆர். அதிகாரிகள் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, அச்சடித்து வைத்திருக்கும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் இரண்டு மாதச் சம்பளம் உடனே கிடைக்குமாம், போடாவிட்டால் ஒன்றும் கிடைக்காதாம். அடையாள அட்டையில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று இருப்பதால் தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். — வாசகர், முருகேஷ்பாளையா

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் கடித நகலில் இரண்டு வரிகள் கவனத்துக்குரியவை. முதல் வரி ‘எனது சொந்தக் காரணங்களால்’ விலகுவதாகச் சொல்கிறது. கடைசி வரி, எல்லா நிலுவைகளுக்கும் ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ இத்தொகையைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறது. முதல் வரி, நிறுவனம் செய்யும் ஆட்குறைப்பை உங்களுடைய விருப்ப விலகலாக மாற்றிவிடுகிறது. கடைசி வரி, பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் உங்களுக்கு எதிராகக் காட்டப்படும்.

கணக்கைப் பாருங்கள். சட்டக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உங்கள் மாத ஊதியம் 26,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். அதோடு, பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஒன்பது ஆண்டுக்கு இழப்பீடு ஏறக்குறைய 1,17,000 ரூபாய், முன்னறிவிப்பு ஊதியம் 26,000 ரூபாய், ஆக 1,43,000 ரூபாய். ஐந்தாண்டு முடித்துவிட்டதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆண்டுகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் அது 1,35,000 ரூபாய் வருகிறது. ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு என்பதால் அதை விட்டுவிடுவோம்; கையெழுத்தால் நீங்கள் இழப்பது அந்த 1,43,000. அதற்கு ஈடாக அவர்கள் நீட்டும் ‘இரண்டு மாதச் சம்பளம்’, நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த மூன்று மாத நிலுவையின் ஒரு பகுதிதான். உங்கள் பணத்தையே உங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ரசீதும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. நீங்கள் செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டினால் தொழிலாளி அல்ல என்னும் வரம்பு, மேற்பார்வைப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. விமானத்தின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுபவர், எண்ணெய் அளவு பார்ப்பவர், பழுது நீக்குபவர் ஆகியோர் எவ்வளவு ஊதியம் வாங்கினாலும் தொழிலாளிகளே. விமானியையும் தொழிலாளி என்னும் வரையறைக்குள் கொண்டுவந்த தீர்ப்பு உண்டு என்பதை உங்கள் ஹெச்.ஆர். அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

அறைக்குள் அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். மறுப்பதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ‘நான் ராஜினாமா செய்யவில்லை, பணியாற்றத் தயாராக இருக்கிறேன், மூன்று மாத ஊதியம் நிலுவையில் இருக்கிறது’ என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போடுங்கள். அலுவலக மின்னஞ்சலை நம்பி எதையும் விட்டுவைக்காதீர்கள். நிறுவனம் நிற்கும் நாளில் முதலில் நிற்பது அதுதான். ஊதியச் சீட்டு, நியமனக் கடிதம், பணி அட்டவணை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக் ஆகியவற்றை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் எந்த மாதத்தோடு பணம் கட்டுவது நின்றிருக்கிறது என்று பார்த்தால், நிறுவனத்தின் உண்மையான நிலை உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் அறுபது பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்திருக்கிறோம். பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் கார்மிக பவனில் மனுக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து, இது தங்கள் வரம்புக்குள் வராது என்று திருப்பிவிட்டார்கள். சங்கம் வைத்ததே வீண் என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். — சங்க நிர்வாகி ஒருவர், எலஹங்கா

பதில்: நீங்கள் போன இடம் கர்நாடக மாநில அரசின் தொழிலாளர் துறை. வங்கி, காப்பீடு, சுரங்கம், பெருந்துறைமுகம் ஆகியவற்றைப் போல விமானப் போக்குவரத்தும் மத்திய அரசின் வரம்புக்குள் வருவது. யஷ்வந்த்பூர் பகுதியில் இருக்கும் ஷ்ரம் சதனில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகம் இருக்கிறது. மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயமும் அதே வளாகத்தில்தான் செயல்படுகிறது. மனுவை அங்கே கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மனுவைச் சங்கம் கொடுப்பதில் ஒரு பலன் உண்டு. அதை உங்கள் உறுப்பினர்களுக்கு நீங்கள் நன்றாக விளக்க வேண்டும். இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தீர்க்க முயலும் சமரச அதிகாரியின் முன் தகராறு நிலுவையில் இருக்கும் காலத்தில், அந்தத் தகராறோடு தொடர்புடைய பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதற்கு நிர்வாகத்துக்கு முன் அனுமதி வேண்டும். ஆகவே, ஆட்குறைப்புப் பட்டியல் வெளியாவதற்கு முன்பே ஊதிய நிலுவை, கட்டாய ராஜினாமா, சம்பளமில்லா விடுப்பு ஆகிய மூன்றையும் தகராறாக எழுப்பிச் சமரசப் பேச்சுக்குக் கொண்டுவந்த சங்கம், தன் உறுப்பினர்களுக்கு ஓர் அரணைக் கட்டிவிடுகிறது. பட்டியல் வந்த பிறகு ஓடும் சங்கத்துக்கு அந்த அரண் இல்லை. வழக்கு நடத்தும் வேலை மட்டுமே மிஞ்சும். பட்டியல் வந்தாலும், ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதே சட்டத்தின் பொதுவிதி. அதை மீறும் நிர்வாகம் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சங்க நிர்வாகிகளின் பெயர்கள் பட்டியலின் தலையில் இருந்தால், பணிமூப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் அரசின் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்போ மூடலோ கூடாது என்னும் விதியை நம்பிச் சில உறுப்பினர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே எழுதப்பட்ட விதி. விமான நிறுவனத்துக்குப் பொருந்தாது. ஆனால் மூடுவதாக இருந்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது பொருந்தும். ‘நஷ்டத்தில் இருக்கிறோம், கையில் பணம் இல்லை’ என்பதை மட்டும் தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று காட்டி அந்த இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

கேள்வி: சங்கம் வந்ததால்தான் முதலீட்டாளர் ஓடிவிட்டார் என்று நிர்வாகம் சொல்கிறது. கிங்ஃபிஷர், ஜெட் ஏர்வேஸ் ஆகியவற்றில் சங்கங்களால் எதையாவது காப்பாற்ற முடிந்ததா? — தேவனஹள்ளி, ஹலசூரு வாசகர்கள் இருவர்

பதில்: சிறிய விமான நிறுவனம் ஒன்று ஏன் தள்ளாடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏ.டி.ஆர். போன்ற எழுபது, எண்பது இருக்கைக்குட்பட்ட விமானங்களுக்கு நம் நாட்டில் சலுகைகள் குறைவில்லை. நாற்பது டன்னுக்குக் குறைந்த விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான். எண்பது இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க 2017-இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டத்தின் வழித்தடங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை இழப்பை ஈடுகட்டும் மானியமும் உண்டு. இத்தனையும் இருந்தும் நிறுவனங்கள் விழக் காரணம், டிக்கெட் பணம் ரூபாயில் வருவதும் விமான வாடகையும் எஞ்சின் செலவும் டாலரில் போவதுமே ஆகும். ஐந்து விமானம் உள்ள நிறுவனத்தில் இரண்டு விமானங்கள் உதிரி பாகத்துக்காகக் காத்து நின்றால், வருமானம் சரிந்துவிடும், வாடகை சரியாது. மூன்றாண்டு முடிந்து மானியம் நிற்கும் மாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. 2015 ஏப்ரலில் இதே பெங்களூருவிலிருந்து ஹூப்ளிக்குப் பறக்கத் தொடங்கிய ஏர் பெகாசஸ் 2016 ஜூலையிலேயே நின்றுபோனது. விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்குப் பாக்கி வைத்ததுதான் காரணம். பதினாறு மாதத்துக்குள் ஒரு நிறுவனத்தைக் கவிழ்க்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

இனி ஜெட் ஏர்வேஸ். 2008 அக்டோபரில் அந்நிறுவனம் சில நூறு ஊழியர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பி, மொத்தம் 1,900 பேர் போக வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. பெரும்பாலோர் புதிதாகச் சேர்ந்த விமானப் பணியாளர்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. சீருடையோடு மும்பையில் ஓர் அரசியல் கட்சியின் தலைவரிடம் போய் நின்றார்கள். இரண்டொரு நாளில் நிறுவனர் முடிவைத் திரும்பப் பெற்றார். இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் தயவால் கிடைத்த வேலைக்கு ஒப்பந்தமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. மறு ஆண்டே விமானிகள் சங்கம் அமைத்தார்கள். அதற்காக இருவர் நீக்கப்பட, 2009 செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் உடல்நலக் குறைவு என்று சொல்லி ஐந்து நாள் வராமல் இருந்தார்கள். நீக்கப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள்.

2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் பறப்பதை நிறுத்தியபோது எந்தச் சங்கத்தாலும் விமானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் திவால் வழக்கில் ஊழியர் சங்கங்கள் விடாமல் நின்று வாதாடியதன் பலனாக, வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகத் தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பிறகு, நிறுவனத்தை மீட்கும் திட்டமே நிறைவேறாமல் போய், 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கலைப்புக்கு, அதாவது சொத்தை விற்றுக் கடனை அடைத்து நிறுவனத்தை மூடுவதற்கு, உத்தரவிட்டது. ஆணை கையில் கிடைப்பதும் பணம் கையில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஊழியர்கள் ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்து அறிந்தார்கள். ஆனாலும் அவர்கள் பெற்ற தீர்ப்பு இன்று உங்களுக்குப் பயன்படுகிறது.

கிங்ஃபிஷர் நம் ஊர்க் கதை, யூ.பி. சிட்டியில் பதிவு அலுவலகம் வைத்திருந்த நிறுவனம். பல மாதச் சம்பளப் பாக்கியால் பொறியாளர்கள் வேலையை நிறுத்த, 2012 அக்டோபர் 20 அன்று உரிமம் இடைநிறுத்தப்பட்டது. கலைப்பு ஆணையை கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-இல்தான் பிறப்பித்தது. இடைப்பட்ட நான்காண்டில் ஊழியர்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டார்கள், பலரிடம் ஆவணமும் இல்லை.

ஆகவே என் பதில் இதுதான்: விழும் நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பது சங்கத்தால் ஆகாத காரியம், விழும்போது தன் உறுப்பினரின் கோரிக்கையைச் சரியான மேசையில், சரியான தேதியில் வைப்பது சங்கத்தால் மட்டுமே ஆகும் காரியம். அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நிறுவனம் திவால் மனுப் போடப் போவதாகக் கேள்விப்படுகிறோம். போட்டுவிட்டால் எங்கள் பணம் அவ்வளவுதானா? — வாசகி, டொம்லூர்

பதில்: மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து நிறுவனத்தின் மீதான வழக்குகளுக்கும் வசூலுக்கும் தடைக்காலம் தொடங்கிவிடும். நிர்வாகம் கைமாறி, தீர்வு அதிகாரி ஒருவர் பொறுப்பேற்பார். அவர் நாளிதழில் வெளியிடும் அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். ஊழியர்கள் ‘டி’ படிவத்தில் தங்கள் நிலுவையைக் கோர வேண்டும். தானாக உங்கள் பெயர் பட்டியலில் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பிரதிநிதி ஒருவர் கோரவும் வழி உண்டு.

கடன் கொடுத்தோர் குழுவில் வங்கிகளுக்கு வாக்கு உண்டு, ஊழியர்களுக்கு இல்லை. கலைப்பு என்று வந்தால் வரிசை வருமாறு: முதலில் திவால் நடைமுறையின் செலவு, அடுத்து, பிணை பெற்றுக் கடன் கொடுத்தவர்களோடு சரிசமமாகத் தொழிலாளர்களின் 24 மாத நிலுவை, அதற்கும் அடுத்து, தொழிலாளி என்னும் வரையறைக்குள் வராத மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை. முதல் கேள்வியில் அடையாள அட்டையைப் பற்றி அவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இதுதான். ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று ஒப்புக்கொண்டவர் வரிசையில் ஒரு படி கீழே போய்விடுகிறார்.

வரிசையில் முன்னால் நின்றாலும், பெட்டியில் ஏதாவது இருக்க வேண்டுமே! விமானங்கள் பெரும்பாலும் அவற்றைக் குத்தகைக்கு விட்டவரின் சொத்து. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதம் திவால் மனுப் போட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அதன் 54 விமானங்கள் பதிவு நீக்கம் செய்யப்பட்டுக் குத்தகைக்கு விட்டவர்களிடம் திரும்பும் வழி திறந்தது. விமானம் போன பின் விமான நிறுவனத்தில் மிஞ்சுவது மேசையும் நாற்காலியும்தான். ஆனால் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் ஊழியருக்குச் சேர வேண்டிய தொகை கலைப்புச் சொத்தில் சேராது, கடன் கொடுத்த மற்றவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஆகவே உங்கள் கோரிக்கையில் ஊதிய நிலுவை, வைப்பு நிதி, பணிக்கொடை ஆகிய மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள்.

நிறுவனம் தானாக மனுப் போடாமல் இழுத்தடித்தால் சங்கமே போடலாம். ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பாக்கி இருந்தால்தான் மனு ஏற்கப்படும் என்பதால் தனி ஒரு ஊழியரால் இது முடியாது. சங்கம் தன் உறுப்பினர்களின் நிலுவையைச் சேர்த்துக் காட்டி மனுச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஒரு சணல் ஆலைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் இதைக் கடைசி ஆயுதமாகவே வைத்திருங்கள். தடைக்காலம் தொடங்கினால் உங்கள் சமரசப் பேச்சும் அதோடு நின்றுபோகும்.

கேள்வி: எல்லாரும் ஒரே நாளில் விடுப்புப் போட்டால் நிர்வாகம் இறங்கி வருமல்லவா? — மூவர், பெயர் வேண்டாம்

பதில்: இப்போதைய சட்டப்படி, தொழிலாளர்களில் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையும் கூடாது. சம்பளமே தராத நிறுவனத்துக்கு, வேலைக்கு வராதவர்களை நீக்கக் காரணத்தையும் நீங்களே எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பி மகள் விமானப் பணிப்பெண். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இரண்டரை ஆண்டு முடிந்திருக்கிறது. அவளுக்கும் இழப்பீடு உண்டா? — வாசகி, ஹலசூரு

பதில்: ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடும் இல்லை. காலம் முடியும் முன் வெளியே அனுப்பினால் கேட்கலாம். குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமலே, வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் பணிக்கொடை உண்டு என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஒப்பந்த ஊழியர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: சம்பளத்தில் வருமான வரி பிடித்தார்கள், ஆனால் துறையின் இணையதளத்தில் என் கணக்கில் அந்தப் பணம் காட்டவில்லை. — வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: பிடித்ததைக் கட்டாமல் விட்டது நிறுவனத்தின் குற்றம். பிடிக்கப்பட்ட வரியை உங்களிடம் மறுபடி கேட்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. கிங்ஃபிஷரின் முன்னாள் விமானி ஒருவர் தொடுத்த வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் 2021-இல் இதை உறுதிசெய்தது. பிடித்ததைக் காட்டும் ஊதியச் சீட்டும், மீதித் தொகை மட்டும் வரவான வங்கிக் கணக்கு விவரமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர். வேறு வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனாலும் உரிமம் செல்லும் அல்லவா? — வாசகர், ஹெச்.ஏ.எல். பகுதி

பதில்: உரிமம் செல்லும். ஆனால் விமானத்தைச் சான்றளித்து அனுப்பும் அதிகாரத்தைப் பயன்படுத்த, முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாதப் பராமரிப்பு அனுபவம் காட்ட வேண்டும். ஒரு வருடம் பொறுக்கலாம். இரண்டாவது வருடம் ஓடத் தொடங்கினால் தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முதல் கேள்வி கேட்ட டெக்னீஷியனுக்கும் இது பொருந்தும்: பின்னாளில் உரிமத் தேர்வு எழுத விரும்பினால், ஒன்பது ஆண்டு உழைப்புக்கு, செய்த பராமரிப்பு வேலைகளைப் பதிந்துவைக்கும் அவருடைய லாக் புக்தான் சாட்சி. விமான நிலைய நுழைவு அட்டையை ஒப்படைக்கும்போது அதற்கு ரசீது வாங்குங்கள். லாக் புக்கின் விடுபட்ட பக்கங்களில் தரப் பிரிவு மேலாளரின் கையெழுத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நிறுவனம் நின்ற பின் அந்தப் பக்கங்களில் கையெழுத்திட அதிகாரமுள்ளவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்.